முதுகு

காரைக்குடியில் பஸ் நகரும் முன்பே
படத்தைப் போட்டுவிட்டார் கண்டக்டர்.
"நல்ல படம்மா. சின்னப் பயலுக சிநேகம்"
என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.
தெரியும் என்றேன்.
கானாடுகாத்தான் விலக்கு ஜன்னலில் போனது.
திரையில் அதே ஊர்
வேறு பெயரில் இருந்தது.

பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறந்து
முதலில் சிலந்தி வலையைத் துடைத்தார்கள்.
பிறகு பழமை போதவில்லையென்று
மெஷின் வைத்து வலை அடித்தார்கள்.
சிரித்துச் சிரித்து ராக்குவுக்கு விக்கல்.
ஐந்தாம் வகுப்பு முடிந்த சித்திரை.

கதைப்படி இரண்டு சிறுவர்கள்.
ஒருவன் ஊருணியில் குதிக்க வேண்டும்.
குதிக்க வேண்டிய சென்னைப் பையன்
மூன்று நாளாகப் படியில் நின்று அழுதான்.
தண்ணிக்குள்ளிருந்து ஏதோ பார்க்கிறதாம்.

"குதிக்கிற பையன் எவனாச்சும் இருக்கானா?"
ஒருவன் முதுகில் ஒருவன் ஒளிந்தார்கள்.
"நான்" என்றாள் ராக்கு.
"பையன் கேட்டேன்."
"முதுகுதானே தெரியும்?"

குடிதண்ணி ஊருணி.
காலை நனைத்தால் அபராதம்.
சினிமாவுக்கு மட்டும் சீட்டுக் கொடுத்தது பஞ்சாயத்து.
அவளுக்குச் சீட்டெல்லாம் எதற்கு,
காவல்காரர் கண்ணயரும் உச்சிவெயில் போதாதா.
அவள் குதிப்பாள், நான் எண்ணுவேன்.
முப்பத்தெட்டுக்கு முன்னால்
அவள் தலையை நான் பார்த்ததேயில்லை.
ஒவ்வொரு முறையும் முப்பதுக்கு மேல்
எனக்கு அடிவயிறு கலங்கும்.

மேக்கப்காரர் கத்தரியை எடுத்தார்.
சிவப்பு ரிப்பன் கட்டியபடியே
சடை என் கைக்கு வந்தது.
"பத்திரமா வச்சுக்க தேனு"
என்றாள், டவுசரை இறுக்கிக்கொண்டே.

ஐந்து தடவை குதித்தாள்.
ஒருதரம் வெயில் போனது.
ஒருதரம் காக்காய் குறுக்கே வந்தது.
ஒருதரம் எல்லாம் சரி,
எண்ணிக்கொண்டிருந்த நான் சத்தமாக எண்ணிவிட்டேன்.
இருநூறு ரூபாயும் ஒரு பிரியாணிப் பொட்டலமும்.
முட்டையை எனக்குக் கொடுத்தாள்.
அன்று ராத்திரி அவள் அம்மா அடித்த அடி
மூன்று தெரு கேட்டது.

ஜூனில் பள்ளி திறந்தது.
"தம்பி, ஆம்பளைங்க பெஞ்சு அந்தப் பக்கம்"
என்றான் எவனோ.
முதல் ஆளாக நான் சிரிக்கவில்லை.
அவ்வளவுதான் சொல்லிக்கொள்ள முடியும்.
திரும்பி என்னைப் பார்த்தாள்,
குதிக்கும் முன் ஆழம் பார்க்கிற பார்வை.
பிறகு பையை எடுத்துக்கொண்டு
கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

எட்டாவதோடு திருப்பூர், பனியன் கம்பெனி.
சடையை அவள் கேட்கவில்லை.
நானாகவும் கொடுக்கவில்லை.
என் கல்யாணத்துக்குப் பெட்டி அடுக்கும்போது
"இதென்னடி சவுரி?" என்றாள் அம்மா.
என்னுது என்றேன்.

திருமயம் கோட்டை தாண்டியதும் அந்தக் காட்சி.
செம்பாறைப் படி, வெயில்,
ஓடிவருகிற ஒரு முதுகு.
இடது தோளில் பட்டாசுத் தழும்பு,
மேக்கப்காரர் மறைக்க மறந்தது.
பஸ்ஸில் நாற்பது பேர் பார்க்கிறார்கள்
ஒரு பையன் குதிப்பதை.

ஒன்று. இரண்டு.
மூன்று எண்ணும் முன்
சென்னைப் பையன் தலை மேலே வருகிறது,
வாளித் தண்ணீர் ஊற்றி நனைத்த தலை.
சிநேகிதன் ஓடிவந்து கட்டிக்கொள்கிறான்.
வயலின்கள்.
பக்கத்து சீட்டுக்காரர் துண்டால் கண்ணைத் துடைக்கிறார்.

பதினான்கு. பதினைந்து.
திரையில் இப்போது வேறு நாள், வேறு தெரு,
இரண்டு பேரும் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.
ஊருணியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இருபத்தாறு.
"புதுக்கோட்டையெல்லாம் இறங்கு"
என்று கத்துகிறார் கண்டக்டர்.
"கொஞ்சம் வழி விடும்மா" என்கிறார் இவர்.
காலை ஒதுக்குகிறேன்.
முப்பத்தொன்று.